தேனீ, குளவிக் கொட்டு ஒவ்வாமையும் மாஸ்ட் செல் நோயும்: நீண்டகால நச்சு ஊசிச் சிகிச்சைக்கு முழுமையான வழிகாட்டி

தேனீயோ குளவியோ கொட்டியதால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால், அடுத்த கொட்டில் அது திரும்பாமல் தடுக்க மருத்துவத்தில் உறுதியான வழி ஒன்று இருக்கிறது. எந்தப் பூச்சியின் நச்சு உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ அதே நச்சைத் தூய்மைப்படுத்தி, மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, பல ஆண்டுகள் தோலடியில் ஊசியாகச் செலுத்துவதுதான் அது. மருத்துவர்கள் இதை நச்சு இம்யூனோதெரபி என்பார்கள். பேச்சு வழக்கில் அலர்ஜி ஊசி. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் போட்டுக்கொண்டால் போதும் என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு பெரும்பாலோருக்குச் சரியானதே. ஆனால் மாஸ்ட் செல் நோய் (ஒவ்வாமைப் பொருள்களை வெளிவிடும் மாஸ்ட் செல்கள் உடலில் அளவுக்கு மீறிச் சேரும் நோய்) உள்ளவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆகவே இந்த ஊசி எத்தனை ஆண்டுகளுக்கு என்ற கேள்வியை ஐந்தாம் ஆண்டு முடியும்போது கேட்பதைவிட முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கீழே சொல்லப்படும் படிகள் அந்த எண்ணத்தை வைத்தே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

இந்தச் சிகிச்சை அண்மையில் முளைத்ததன்று. ஒரு காலத்தில் பூச்சியின் முழு உடலையும் அரைத்தெடுத்த சாற்றையே ஊசியாகப் போட்டார்கள். 1978-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், தூய நச்சு பெற்றவர்களுக்கும், முழு உடல் சாறு பெற்றவர்களுக்கும், வெற்று ஊசி பெற்றவர்களுக்கும் மருத்துவக் கண்காணிப்பில் பூச்சியைக் கொட்டவிட்டுப் பார்த்தார்கள். வெற்று ஊசி பெற்ற 12 பேரில் 7 பேருக்கும், முழு உடல் சாறு பெற்ற 11 பேரில் 7 பேருக்கும் உடல் முழுவதும் ஒவ்வாமை வந்தது. தூய நச்சு பெற்ற 18 பேரில் ஒருவருக்கு மட்டுமே வந்தது. பழைய சாற்றூசி இந்த வகைப் பூச்சிகளுக்குக் கைவிடப்பட்டதற்கு இதுவே காரணம். நெருப்பெறும்புக்கு மட்டும் இன்னமும் முழு உடல் சாறு பயன்படுகிறது.

முதற்படி: கொட்டிய அன்று நடந்ததை எழுதி வைத்தல்

நோயறிதலில் பாதி, நடந்ததைக் கேட்பதிலேயே முடிந்துவிடுகிறது. கொட்டிய எத்தனையாவது நிமிடத்தில் முதல் அறிகுறி வந்தது, தடிப்பும் அரிப்பும் இருந்தனவா, மூச்சுத் திணறல், குரல் கம்மல், வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவற்றில் எவை வந்தன, மருத்துவமனையில் அளந்த ரத்த அழுத்தம் எவ்வளவு, என்ன மருந்து கொடுத்தார்கள் என்பவற்றை நினைவு மங்குவதற்குள் எழுதிவிட வேண்டும். கூட இருந்தவர் பார்த்தது இன்னும் முக்கியம், ஏனென்றால் மயங்கியவருக்குத் தன் முகம் சிவந்ததா வெளுத்ததா என்று தெரியாது.

கொட்டிய பூச்சி எது என்பதையும் இயன்றவரை குறித்துக்கொள்ள வேண்டும். தேனீயின் கொடுக்கில் முள் வரிசை இருப்பதால் அது நச்சுப்பையோடு தோலிலேயே தங்கிவிடும். குளவியின் கொடுக்கு பெரும்பாலும் தங்குவதில்லை. தங்கிய கொடுக்கைச் சுரண்டி எடுப்பதா கிள்ளி எடுப்பதா என்று வாதிட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நச்சுப்பை சில விநாடிகளிலேயே பெரும்பகுதியைச் செலுத்திவிடுவதால், எப்படி எடுத்தாலும் உடனே எடுப்பதுதான் பயன் தரும்.

கொட்டிய இடத்தைச் சுற்றி 10 சென்டிமீட்டருக்கு மேல் வீங்கி ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் அது பெரிய உள்ளூர் எதிர்வினை எனப்படும். பார்க்கப் பயமாக இருந்தாலும், அத்தகையோரில் பெரும்பாலோருக்கு அடுத்த கொட்டிலும் வீக்கம்தான் வரும். இந்தச் சிகிச்சை முதன்மையாகத் தேவைப்படுவது மூச்சு, ரத்த ஓட்டம், குடல் என உடல் முழுவதும் எதிர்வினை பரவியவர்களுக்கே.

இரண்டாம் படி: அட்ரினலினைக் கையில் வைத்துக்கொள்ளுதல்

ஒவ்வாமை மருத்துவரைப் பார்க்கும் நாள் வருவதற்குள் இன்னொரு பூச்சி கொட்டலாம். ஆகவே பரிசோதனைகளுக்குக் காத்திராமல், கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்தான அட்ரினலினைத் தானே செலுத்திக்கொள்ளும் ஊசிக்கு உடனே மருந்துச் சீட்டு வாங்கிவிட வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதிகபட்சம் 0.5 மில்லிகிராம் என்பது தசையில் செலுத்தும் அளவு. தானியங்கி ஊசிகள் பெரும்பாலும் 0.15, 0.3 மில்லிகிராம் அளவுகளில் வருகின்றன. தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில், அவசரமானால் துணியின் மேலேயே அழுத்திக் குத்தி, அந்தக் கருவிக்குச் சொல்லப்பட்ட விநாடிகள் வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். பிறகு படுத்துக் கால்களை உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சுத் திணறல் இருப்பவர் மட்டும் சாய்ந்து உட்காரலாம். சற்றுத் தெளிந்ததும் எழுந்து நடப்பது ஆபத்தானது. சட்டென்று எழுந்த அந்த நேரத்தில் ரத்த ஓட்டம் சரிந்து இறந்தவர்கள் உண்டு. 5 நிமிடங்களில் குணம் தெரியாவிட்டால் இரண்டாவது ஊசி தேவைப்படும் என்பதால் எப்போதும் இரண்டு ஊசிகள் கையில் இருக்க வேண்டும். மாஸ்ட் செல் நோய் உள்ளவர்களுக்கு இரண்டாவது ஊசி தேவைப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும். சரிந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது. மாத்திரையைப் போட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் இந்த நோயில் மிகவும் பரவலான, மிகவும் விலை கொடுக்க நேரும் தவறு.

மூன்றாம் படி: எந்த நச்சு என்று உறுதி செய்தல்

தோல் பரிசோதனையும் ரத்தத்தில் அந்த நச்சுக்கு எதிரான ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள்) அளவும் அடிப்படைச் சோதனைகள். கொட்டிய சில வாரங்களுக்குள் செய்தால் ஒவ்வாமை இல்லை என்ற பொய்யான முடிவு வரக்கூடும். எனவே 2 முதல் 6 வாரங்கள் பொறுத்துச் செய்வது வழக்கம், தேவைப்பட்டால் மீண்டும் செய்வதும் உண்டு. தேனீக்கும் குளவிக்கும் ஒருசேர ஆம் என்று வந்தால், இரண்டுக்கும் உண்மையிலேயே ஒவ்வாமை இருக்கலாம், அல்லது இரு நச்சுகளிலும் பொதுவாக உள்ள சர்க்கரைத் தொடர்களால் அப்படித் தோன்றலாம். அபி எம் 1 (Api m 1), அபி எம் 10 (Api m 10) ஆகிய தேனீப் புரதங்களுக்கும், வெஸ் வி 1 (Ves v 1), வெஸ் வி 5 (Ves v 5) ஆகிய குளவிப் புரதங்களுக்கும் தனித்தனியாக ஐஜிஇ பார்த்து இந்தக் குழப்பத்தைப் பெரும்பாலும் தீர்க்கலாம். தேவையற்ற இரண்டாவது நச்சைப் பல ஆண்டுகள் ஏற்றிக்கொள்வதைத் தவிர்க்க இந்தச் சோதனை உதவும்.

கொட்டியும் எதிர்வினையே வராதவர்கள் எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நச்சுச் சோதனை செய்துகொள்வதில் பயனில்லை. ஒவ்வாமையே இல்லாத பலருக்கும் இந்த ஐஜிஇ ரத்தத்தில் இருப்பதால், சோதனை முடிவு வீண் அச்சத்தையே மிஞ்சச் செய்யும். மாறாக, மாஸ்ட் செல் நோயாளிகளிடம் இந்த ஐஜிஇ மிகக் குறைவாகக் காணப்படலாம். அவர்கள் விஷயத்தில் 0.1 அலகு அளவுக்கான சிறு மதிப்பையும் புறக்கணிக்காமல், தோல் பரிசோதனையோடும் தேவையானால் பேசோஃபில் என்ற ரத்த வெள்ளை அணுக்கள் நச்சால் தூண்டப்படுகின்றனவா என்று பார்க்கும் சோதனையோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: மாஸ்ட் செல் நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தல்

பலர் தாண்டிச் சென்றுவிடும் படி இதுதான். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வாமையின்போது ஹிஸ்டமின் உள்ளிட்ட பொருள்களைக் கொட்டித் தீர்ப்பவை மாஸ்ட் செல்கள். எலும்பு மஜ்ஜையிலும் பிற உறுப்புகளிலும் இவை அளவுக்கு மீறிச் சேரும் நோய் சிஸ்டமிக் மாஸ்டோசைட்டோசிஸ். பெரியவர்களில் பெரும்பாலும் கிட் என்ற மரபணுவில் டி816வி எனும் மாற்றத்தால் இது உண்டாகிறது. பிறவியில் வருவதன்று, வாழ்நாளில் ஒரு செல்லில் தோன்றிப் பெருகுவது. அந்த மாற்றம் பெற்ற செல்கள் மற்றவற்றைவிட எளிதில் தூண்டப்படுபவை, எண்ணிக்கையிலும் மிகுதி. அதனால்தான் இந்த நோய் உள்ள பெரியவர்களில் பூச்சிக்கொட்டால் அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமை) வருவது பொதுமக்களைவிடப் பன்மடங்கு அதிகமாக இருக்கிறது, வரும்போதும் கடுமையாக வருகிறது.

இதற்கான நுழைவாயில், மாஸ்ட் செல்கள் வெளிவிடும் டிரிப்டேஸ் என்ற நொதியை அளக்கும் எளிய ரத்தச் சோதனை. எதிர்வினை நடக்கும்போது, தொடங்கிய அரை மணி முதல் 2 மணி நேரத்துக்குள், தவறினால் 4 மணிக்குள், ஒரு மாதிரி எடுக்க வேண்டும். அறிகுறிகள் முற்றிலும் அடங்கி 24 மணி நேரமாவது கழிந்த பிறகு அடிப்படை அளவுக்கு இன்னொரு மாதிரி எடுக்க வேண்டும். அடிப்படை அளவின் 1.2 மடங்கோடு 2 கூட்டினால் வரும் எண்ணை முதல் மாதிரி தொட்டாலோ தாண்டினாலோ, மாஸ்ட் செல்கள் உண்மையிலேயே வெடித்திருக்கின்றன என்று பொருள். அடிப்படை 10 நானோகிராம் என்றால் எதிர்வினையின்போது 14 இருந்தாலே போதும். அவசரப் பிரிவில் முதல் மாதிரி எடுக்காமல் விட்டுப்போவது சாதாரணமாக நடப்பதுதான். அப்படியானாலும் அடிப்படை அளவை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், சிகிச்சைக்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஒரு மில்லிலிட்டருக்கு 11.4 நானோகிராம் வரை இயல்பு என்பது வழக்கமான வரம்பு. அதற்கு மேல் போனால் மாஸ்டோசைட்டோசிஸ்தான் என்று முடிவு கட்டக் கூடாது. டிபிஎஸ்ஏபி1 என்ற மரபணுவின் கூடுதல் பிரதிகளால் குடும்பவழியில் வரும் பரம்பரை ஆல்ஃபா டிரிப்டசீமியாவே உயர்ந்த டிரிப்டேஸுக்கு மிகப் பரவலான காரணம். சிறுநீரகச் செயலிழப்பிலும் அளவு கூடும். அதேபோல், இயல்பு வரம்புக்குள் இருப்பதாலேயே மாஸ்ட் செல் நோய் இல்லை என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. தோலில் ஒரு புள்ளிகூட இல்லாமல் மஜ்ஜையில் மட்டும் நோய் தங்கியிருக்கும் வகை ஒன்று உண்டு. அதில் டிரிப்டேஸ் 20-க்குக் கீழே, சிலரில் 11.4-க்குக் கீழேயும் இருக்கக்கூடும்.

அப்படியானால் யாரைச் சந்தேகிப்பது? கொட்டிய சில நிமிடங்களில் தடிப்போ முகவீக்கமோ எதுவுமின்றி நேராக மயங்கி விழுந்தவரைச் சந்தேகிக்க வேண்டும். அவர் ஆணாக இருந்தால் இன்னும் அதிகமாக. ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் உருவாக்கிய ரெமா மதிப்பெண் இந்தக் கவனிப்பையே எண்ணாக்குகிறது: ஆணுக்கு 1 கூட்டி, பெண்ணுக்கு 1 கழித்து, மயக்கத்துக்கு 3 கூட்டி, தடிப்போ வீக்கமோ இருந்தால் 2 கழித்து, இல்லையென்றால் 1 கூட்டி, டிரிப்டேஸ் 15-க்குக் கீழ் இருந்தால் 1 கழித்து, 25-க்கு மேல் இருந்தால் 2 கூட்டுகிறார்கள். மொத்தம் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் மஜ்ஜைப் பரிசோதனையை நோக்கி நகர வேண்டும். தடிப்பின்றி மயங்கிய ஆணுக்கு டிரிப்டேஸ் வெறும் 9 இருந்தாலும் கணக்கு 4 வருகிறது. இயல்பான டிரிப்டேஸைக் காட்டி இத்தகையவரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது என்பதற்கு இந்தக் கூட்டலே போதும்.

மஜ்ஜைக்கு முன் ரத்தத்திலேயே டி816வி மாற்றத்தைத் தேடலாம். நோய்ச் செல்கள் ரத்தத்தில் மிகக் குறைவு என்பதால், அந்த ஒரு மாற்றத்தையே நுண்ணிய அளவில் கண்டறியும் பிசிஆர் முறை வேண்டும். பொதுவான மரபணு வரிசைப்படுத்தல் அதைத் தவறவிடக்கூடும். எனவே சோதனை முடிவில் இல்லை என்று இருந்தால் எந்த முறையில் பார்த்தார்கள் என்று கேட்பது நியாயம். மஜ்ஜையில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட மாஸ்ட் செல்கள் கொத்தாகத் திரண்டிருப்பது முதன்மை அளவுகோல். இயல்புக்கு மாறான செல் வடிவம், கிட் மாற்றம், சிடி25 போன்ற அடையாளங்கள், 20-க்கு மேற்பட்ட டிரிப்டேஸ் ஆகியவை துணை அளவுகோல்கள். முதன்மையோடு ஒரு துணை, அல்லது மூன்று துணை அளவுகோல்கள் சேர்ந்தால் நோய் உறுதி.

ஐந்தாம் படி: தொடங்கலாமா என்று முடிவு செய்தல்

உடல் முழுவதும் எதிர்வினை வந்து, அதற்குரிய நச்சு ஐஜிஇயும் உறுதியான பெரியவர்களில், மூச்சோ ரத்த ஓட்டமோ பாதிக்கப்பட்டிருந்தால் சிகிச்சை தேவை என்பதில் ஐயமில்லை. தோல் தடிப்போடு நின்றுபோன குழந்தைகளுக்குப் பொதுவாகத் தேவையில்லை. தடிப்பு மட்டும் வந்த பெரியவராக இருந்தாலும், தேனீ வளர்ப்பவர் போல அடிக்கடி கொட்டுப்படுபவர்களுக்கும், மாஸ்ட் செல் நோய் உள்ளவர்களுக்கும் தொடங்குவதே சரி. கட்டுக்குள் வராத ஆஸ்துமா இருந்தால் முதலில் அதைச் சீராக்க வேண்டும். கருவுற்றிருக்கும்போது புதிதாகத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே சிக்கலின்றிப் போட்டுக்கொண்டு வருபவர் தொடரலாம். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அவற்றைத் தாமாக நிறுத்திவிடாமல் முழுப் பட்டியலையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பீட்டா தடுப்பான்களை முன்பு கண்டிப்பாக நிறுத்தச் சொன்னார்கள், இப்போது இதயத்துக்கு அவை இன்றியமையாதவை என்றால் தொடர்ந்தபடியே சிகிச்சை தருகிறார்கள்.

ஆறாம் படி: அளவைக் கூட்டிச் செல்லுதல்

இலக்கு 100 மைக்ரோகிராம் நச்சு. ஒரு தேனீ கொட்டினால் உள்ளே செல்வது ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் என்பதால் இது இரண்டு தேனீக் கொட்டுக்குச் சமம். குளவி செலுத்துவது அதைவிட மிகக் குறைவு என்பதால் குளவிக் கணக்கில் பல கொட்டுகளுக்குச் சமம். குளவி நச்சு ஊசி பெற்றவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களும், தேனீ நச்சு பெற்றவர்களில் 80 சதவீதம் அளவிலானவர்களும் பாதுகாப்புப் பெறுவதில் உள்ள வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இந்த அளவை வாரம் ஒருமுறை வீதம் சில மாதங்களில் எட்டலாம். ஒரே நாளில் பல ஊசிகளைக் கொத்தாகப் போட்டுச் சில வாரங்களில் எட்டலாம். மருத்துவமனையில் தங்கிச் சில நாள்களிலோ சில மணி நேரத்திலோ எட்டும் விரைவு முறைகளும் உண்டு. பூச்சிகள் மிகும் பருவம் நெருங்கும்போது விரைவு முறை கைகொடுக்கும். மாஸ்ட் செல் நோயாளிகளுக்கு எந்த முறையானாலும், உயிர்காப்பு வசதி உள்ள மருத்துவமனையில் நெருங்கிய கண்காணிப்போடு செய்வதையே நான் சரியென்று கருதுவேன். பக்க விளைவு அவர்களில் சற்று அதிகம் என்றாலும், சிகிச்சையையே மறுக்கும் அளவுக்கு அன்று.

ஊசி நாளன்று நடப்பது இதுதான். காய்ச்சலோ, இருமலோ, இளைப்போ இருக்கிறதா, முந்தைய ஊசிக்குப் பின் வீக்கம் எத்தனை சென்டிமீட்டர், எத்தனை நாள் இருந்தது என்று செவிலியர் கேட்பார்; ஆஸ்துமா இருந்தால் ஊதிப் பார்க்கச் சொல்வார். குப்பியின் பெயரையும் செறிவையும் நோயாளியின் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, மேல்கையின் வெளிப்புறத்தில் தோலடியில் மெல்லச் செலுத்துவார். அதன் பிறகு குறைந்தது 30 நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும். உள்ளங்கை அரிப்பு, தொண்டையில் அடைப்பு, இனம்புரியாத பதற்றம் எதுவானாலும் உடனே சொல்லிவிட வேண்டும். கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு கழிப்பறைக்குத் தனியே போவது ஆபத்து. அன்று கடும் உடற்பயிற்சி, வெந்நீர்க் குளியல், மது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஊசிக்கு முன் எடுக்கும் ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரை, வீக்கத்தையும் லேசான எதிர்வினைகளையும் குறைக்கும். ஒரு அளவில் எதிர்வினை வந்தால் முந்தைய அளவுக்கு இறங்கி மீண்டும் ஏறுவார்கள். அப்படியும் மேலே போக முடியாதவர்களுக்கு ஐஜிஇயைத் தடுக்கும் ஓமலிசுமாப் ஊசியைத் துணையாகக் கொடுத்து இலக்கை எட்டச் செய்வது உண்டு.

ஏழாம் படி: பராமரிப்பு ஆண்டுகள்

100 மைக்ரோகிராமை எட்டிய பிறகு முதல் ஆண்டில் 4 வாரத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டில் 6 வாரம், அதன்பின் 8 வாரம் என்று இடைவெளி நீள்கிறது. வாழ்நாள் முழுவதும் தேவைப்படுபவர்களுக்கு 12 வாரம் வரை நீட்டலாம். இந்த ஆண்டுகளில் உடலில் நடப்பது மெதுவான மாற்றம்: ஒவ்வாமையை அடக்கும் டி செல்கள் பெருகுகின்றன, நச்சை இடைமறிக்கும் ஐஜிஜி4 எதிர்ப்பொருள் கூடுகிறது. ஊசி தவறிப்போனால் தவறிய வாரங்களுக்கு ஏற்ப அளவைக் குறைத்து மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும் என்பதால், பயணமோ அறுவை சிகிச்சையோ இருந்தால் முன்கூட்டியே நாளை மாற்றி வாங்குவது நல்லது.

பாதுகாப்பு வந்துவிட்டதா என்பதை ஐஜிஇ அளவு குறைவதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. வசதியுள்ள மையங்களில் உயிருள்ள பூச்சியைக் கண்காணிப்பில் கொட்டவிட்டுப் பார்ப்பார்கள். சிகிச்சை பெறுபவர்களுக்கு மட்டுமே செய்யக்கூடிய சோதனை இது. அதிலோ தற்செயலான கொட்டிலோ மீண்டும் எதிர்வினை வந்தால் பராமரிப்பு அளவை 200 மைக்ரோகிராமாக உயர்த்துவது வழக்கமான தீர்வு.

மாஸ்ட் செல் நோயாளிக்கு நச்சு ஊசி பூச்சிக்கொட்டை மட்டுமே கவனித்துக்கொள்கிறது. வலி மாத்திரைகளில் சில, ஓபியாய்டு மருந்துகள், ஸ்கேனுக்குப் போடும் சாய மருந்து, மது, திடீர் வெப்பம், தோலை உரசுதல் போன்றவை பலருக்கு அறிகுறியைத் தூண்டும்; மயக்க மருந்து கொடுப்பவரிடம் நோயின் பெயரை எழுத்தில் கொடுக்க வேண்டும். எலும்பு அடர்த்தி குறைவது இந்த நோயில் அடிக்கடி காணப்படுவதால் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டும். கிட் மாற்றத்தைக் குறிவைக்கும் அவப்ரிடினிப் என்ற மாத்திரை சிஸ்டமிக் மாஸ்டோசைட்டோசிஸின் மெதுவாக முன்னேறும் வகைக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி பெற்றது. அதைச் சாப்பிடுவதால் நச்சு ஊசியை விட்டுவிடலாம் என்று யாரும் தாமாக முடிவெடுத்துவிடக் கூடாது.

எட்டாம் படி: நிறுத்துவதா, தொடர்வதா

லேசான எதிர்வினையோடு தொடங்கி, இடையில் எந்தச் சிக்கலும் இல்லாதவர் மூன்று ஆண்டுகளுக்குப் பின் நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம். மயக்கம் வரை போனவர் குறைந்தது ஐந்து ஆண்டுகள் தொடர வேண்டும். சிஸ்டமிக் மாஸ்டோசைட்டோசிஸ் உறுதியானவர்களும், ஊசியின்போதே கடும் எதிர்வினை வந்தவர்களும், இதயம் நின்று பிழைத்தவர்களும் வாழ்நாள் முழுவதும் தொடரும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். மாஸ்ட் செல் நோயாளிகள் சிகிச்சையை நிறுத்திய பின் ஒரே கொட்டில் இறந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஐந்தாண்டு முடிந்தது, குப்பிகள் தீர்ந்தன என்று மருத்துவமனையே நிறுத்தச் சொன்னாலும், அடிப்படை டிரிப்டேஸ் என்றைக்காவது பார்க்கப்பட்டதா, முதல் எதிர்வினையில் மயக்கம் இருந்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும் வரை ஊசியை நிறுத்தக் கூடாது.

நிறுத்தியவர்களில் சிறு பகுதியினருக்குப் பின்னாளில் ஒவ்வாமை திரும்புகிறது. தேனீ ஒவ்வாமை உள்ளவர்களில் அது சற்று அதிகம். ஆகவே அட்ரினலின் ஊசியை இனியும் வைத்திருப்பதா என்று மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். வைத்திருப்பதானால் காலாவதி நாளைக் குறித்துவைத்து மாற்ற வேண்டும். மீண்டும் எப்போதாவது கொட்டி உடல் முழுவதும் லேசாகவேனும் எதிர்வினை வந்தால், அதைத் தனி நிகழ்வாக விட்டுவிடாமல் அதே வாரத்தில் ஒவ்வாமை மருத்துவரிடம் சென்று, டிரிப்டேஸை மறுபடி பார்த்து, சிகிச்சையை மீண்டும் தொடங்குவது பற்றியும் இம்முறை அதை முடிவின்றித் தொடர்வது பற்றியும் பேச வேண்டும்.